உருத்திராட்சப் பூனை

சித்திரம் இரு வகைப்படும். கும்பிடுவதற்காக எழுதப்படுவது ஒன்று; சிரிப்பதற்காக எழுதப்படுவது மற்றொன்று. முதல் வகையில் நமக்கு யாதொரு குறையும் இல்லை. தீபாவளிக்கு முன்னரோ தைப்பூசத்திற்கு முன்னரோ பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு முறை நடந்து வருபவர் இதை நன்கு அறிவார். தெய்வங்களின் படங்களோடு சாமியார்கள், குருமார்கள், சுவாமிகள் ஆகியோரின் படங்களும் கண்ணாடிச் சட்டத்திற்குள் வரிசை வரிசையாகத் தொங்கும். வாங்கிச் சென்று மாட்டி, மாலையிட்டு, கற்பூரம் காட்டுகிறோம். இரண்டாம் வகைச் சித்திரமோ நம்மிடையே மிகவும் அபூர்வம். சமயத்தின் பெயரால் உண்டு கொழுத்தவனைப் பார்த்துச் சிரிப்பது சமயத்தையே பார்த்துச் சிரிப்பதாகும் என்னும் அச்சம் நம்மவர் மனத்தில் ஆழ வேரூன்றியிருப்பதே அதற்குக் காரணம் என்க.

ஆயினும் அவ்வகைச் சித்திரம் ஒன்றை நாம் சிறு பிராயத்திலேயே கண்டதுண்டு. கிள்ளானுக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்திற்கு ஆண்டுதோறும் ஒரு சாமியார் வருவது வழக்கம். மோட்டார் காரில் வருவார். லயத்து ஜனங்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பிள்ளையில்லாத பெண்கள் முன்னே வந்து திருநீறு பெற்றுக்கொள்வார்கள். அவர் போன பின்னர் ஒரு நோட்டுப் புத்தகம் வீடு வீடாக வரும். சம்பள நாளன்று அதில் எழுதியபடி காசு கொடுத்தாக வேண்டும். ஓர் ஆண்டு, யாரோ ஒரு பையன் சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் அடுப்புக்கரியால் ஒரு பூனையை வரைந்து வைத்தான். பூனையின் கழுத்தில் உருத்திராட்ச மாலை. அதன் முன்னே ஒரு தட்டு. தட்டு நிறையக் காசு. பெரியவர்கள் பையனைக் கண்டுபிடித்து அடித்தார்கள். அன்றிரவு அந்த லயத்தில் சிரிக்காத வீடு இல்லை. ஆனால் அடுத்த ஆண்டும் அதே சாமியார் வந்தார். அதே நோட்டுப் புத்தகமும் வந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் காசு கொடுத்தார்கள்.

அச்சிரிப்பினால் விளைந்த பயன் யாது? அது வீண்தானா? இக்கேள்வி நம் மனத்தில் நெடுநாள் கிடந்தது. அந்தப் பையன் அறியான். ஆனால் அவன் வரைந்த பூனைக்கு நீண்ட வமிச பரம்பரை உண்டு. அதை ஆராய்ந்தால் நம் கேள்விக்கும் ஒருவாறு விடை கிடைக்கும் என்று கருதியே இதை எழுதலாயினோம்.

கல்லில் ஒரு பூனை

மாமல்லபுரம் சென்றவர்கள் அங்குள்ள பெரும் பாறைச் சிற்பத்தைக் கண்டிருப்பார்கள். அருச்சுனன் தபசு என்பாரும், பகீரதன் தவம் என்பாரும் உளர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் செதுக்கப்பெற்றது. அதில் விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் புரியும் முனிவர் ஒருவர் இருக்கின்றார். அதே பாறையில், யானைகளின் அருகே, ஒரு பூனையும் அதே பாவனையில் முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் புரிகின்றது. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றி உலாவுகின்றன. கங்கைக் கரையில் தவசி வேடம் பூண்டு எலிகளைத் தின்று கொழுத்த பூனையின் கதை மகாபாரதத்தில் உத்தியோக பருவத்தில் வருவதுதான். அதைச் சிற்பி மெய்த்தவத்திற்கு எதிரிலேயே வைத்துவிட்டான். மெய்யான தவசியின் விலா எலும்பையும் பொய்யான தவசியின் உருவத்தையும் ஒரே கல்லில், ஒரே உளியால் செதுக்கியவன் சமயத்தின் விரோதி ஆகமாட்டான். இரண்டிற்கும் உள்ள பேதத்தை ஜனங்கள் அறிய வேண்டும் என்று எண்ணியவனே ஆவான். திருக்குறளில் கூடாவொழுக்கத்திற்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தவரின் எண்ணமும் இதுவேயன்றோ?

பல்லவ மன்னருள் ஒருவனாகிய முதலாம் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசம்’ என்னும் நகை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறிய பின்னரே அது உலகிற்குத் தெரியவந்தது. நாடகம் நிகழும் இடம் காஞ்சிபுரம். அதில் வரும் நாகசேனன் என்னும் புத்த பிக்ஷு, ஒரு வணிகன் வீட்டில் மீனும் இறைச்சியுமாகப் பிச்சை பெற்றுக்கொண்டு விகாரத்திற்குத் திரும்புகின்றான். நல்ல மாளிகை, நல்ல படுக்கை, நல்ல உணவு இவற்றையெல்லாம் அருளிய பெருமான், மதுவையும் மாதரையும் மாத்திரம் விலக்கியிருப்பாரா, கிழவர்கள்தாம் அந்த ஏட்டை மறைத்து வைத்திருக்க வேண்டும் என்று அவன் எண்ணமிடுகின்றான். பின்னர் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைப் பிக்ஷு திருடிவிட்டதாகக் கூச்சலிடுகின்றான். நியாயசபைக்குப் போகலாம் என்ற பேச்சு எழும்போது, காபாலிகனோடு வந்தவள் சொல்வதுதான் நாடகத்தின் கூர்முனை: இவனிடம் பல விகாரங்களின் வருமானம் இருக்கிறது, அதைக் கொண்டு இவன் நியாயாதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், ஓடு ஏந்திய நமக்கு என்ன இருக்கிறது என்கின்றாள்.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்ஷுவின் வயிறு நகைப்புக்குரியது. பிக்ஷுவின் கையிலுள்ள வருமானமோ அச்சத்திற்குரியது. முன்னதைப் பார்ப்பவர் அநேகர். பின்னதைப் பார்ப்பவர் சிலர். இந்தப் பேதத்தை அளவுகோலாகக் கொண்டே பிற தேசத்துச் சித்திரங்களையும் மதிப்பிடுவோம்.

ஆங்கில நாட்டுச் செப்புத்தகடு

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இவ்வகைச் சித்திரம் ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. செப்புத்தகட்டில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்சிட்டுக் கடையின் ஜன்னலில் தொங்கவிடுவார்கள். வாங்கக் காசில்லாதவர்களும் வீதியில் நின்று பார்த்துச் சிரிப்பார்கள்.

அக்காலத்து ஆங்கிலத் திருச்சபையின் நிலைமையைச் சிறிது சொல்ல வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு குருவுக்குச் சேர வேண்டும் என்பது சட்டம். இதையே தசமபாகம் என்பர். ஒரு குருவே இரண்டு மூன்று ஊர்களின் மானியத்தையும் பெற்றுக்கொண்டு, எங்கோ சுகமாக வசிப்பார். சொற்பச் சம்பளத்திற்கு ஓர் உதவிக்குருவை அமர்த்தி ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடுவார். குருவை நியமிக்கும் உரிமையோ பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. நிலத்தைப் போலவே அவ்வுரிமையும் விலைக்கு விற்கப்பட்டது.

இதைச் சித்திரக்காரர்கள் எவ்வாறு கண்டார்கள்? 1782 அளவில் ராபர்ட் டைட்டன் என்பவர் ஒரு ஜோடிச் சித்திரம் வரைந்தார். ஒன்றில் நல்ல மானியம் பெற்ற ‘எஜமானப் பாதிரியார்’. மற்றொன்றில் வெறும் பிழைப்புக்கு உழைக்கும் ‘கூலிப் பாதிரியார்’. முன்னவர் பருத்திருக்கின்றார், பின்னவர் உலர்ந்திருக்கின்றார். துரைக்கும் கூலிக்கும் உள்ள தூரத்தைத் தோட்டத்தில் கண்டறிந்த நமக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டுவதில்லை. இவற்றை வெளியிட்ட காரிங்டன் போல்ஸ் என்பவரின் கடை, லண்டன் மாநகரின் பெரிய தேவாலயமாகிய புனித பவுல் ஆலயத்தின் முற்றத்திலேயே இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. பெரிய கோவிலின் வாசலிலேயே கோவிலாரைப் பரிகசிக்கும் கடை!

‘தசமபாகப் பன்றிக்குட்டி’ என்னும் சித்திரம் இன்னும் பிரசித்தமானது. பத்தாவது பன்றிக்குட்டி தமக்கு வேண்டுமென்று குரு வந்து நிற்கின்றார். குடியானவன் மனைவி தன் பத்தாவது குழந்தையைத் தூக்கி நீட்டி, பன்றிக்குட்டி வேண்டுமானால் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கின்றாள். குருவுக்குக் குட்டி வேண்டும், குழந்தை வேண்டாம். இக்காட்சி மக்களுக்கு எவ்வளவு பிடித்திருந்ததென்றால், பீங்கான் பொம்மையாகவும் செய்து விற்றார்கள். ஏழைப் பெண்ணின் வாதத்தில் குரு சிக்கிக்கொள்வதே இதன் சிறப்பு. இங்கே சிரிப்பு வயிற்றைத் தாண்டிச் சட்டத்தையே தொட்டுவிடுகின்றது.

1793இல், யுத்தத்தை முன்னிட்டு அரசாங்கம் உபவாச தினம் விதித்தபோது, ரிச்சர்டு நியூட்டன் என்னும் வாலிபன், குருமார்கள் மேஜையைச் சூழ்ந்து விருந்துண்ணும் காட்சியை வரைந்து, அதற்கு ‘உபவாச தினம்’ என்றே பெயரிட்டான். அப்போது அவனுக்கு வயது 16 அளவுதான். 1798இல், 21ஆம் வயதில் அவன் இறந்துபோனான். நம் லயத்துச் சுவரில் கரிக்கோடு இழுத்த பையனின் வயதை நினைத்துக்கொள்கின்றோம்.

இவர்கள் எல்லோரினும் பெரியவர் வில்லியம் ஹோகார்த். 1736இல் அவர் வெளியிட்ட ‘தூங்கும் சபை’யில் குரு கண்ணாடியை ஏந்திப் பிரசங்கம் படிக்கின்றார், சபை முழுவதும் தூங்குகின்றது, விழித்திருக்கும் ஒருவனாகிய கோவில் குமாஸ்தா, தூங்கும் ஒரு பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கின்றான். இதைவிட ஆழமானது 1732இல் அவர் வெளியிட்ட ஆறு சித்திரங்கள் கொண்ட தொகுதி. நாட்டுப்புறத்திலிருந்து லண்டனுக்கு வந்திறங்கும் மோல் என்னும் பெண் எவ்வாறு கெடுக்கப்பட்டு மாண்டாள் என்பதே கதை. முதற் சித்திரத்தில் ஒரு தரகுக்காரி அவள் கன்னத்தைத் தொட்டுப் பேசி வலை வீசுகின்றாள். பக்கத்திலேயே குதிரைமேல் ஒரு குரு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலதிகாரியாகிய பிஷப்பின் தயவை நாடும் ஒரு கடிதத்தில் ஆழ்ந்திருக்கின்றார். ஆறாம் சித்திரத்தில் அப்பெண்ணின் சவப்பெட்டி. அங்கு வந்த குருவோ பக்கத்திலிருப்பவள் மேல் கையை ஓட்டியபடி கையிலுள்ள மதுவைச் சிந்துகின்றார். முதலிலும் குரு, முடிவிலும் குரு. நடுவில் ஒரு பெண்ணின் நாசம். பெரும் பாவம் செய்தவராக ஹோகார்த் அவரைக் காட்டவில்லை. பார்க்க வேண்டியதைப் பாராதவராகக் காட்டினார். அதுவே அச்சித்திரத்தின் கொடிய கண்டனம்.

கல்கத்தாவில் ஒரு மகந்து

நம் பாரத தேசத்தில் இத்தகைய சித்திரங்கள் இருந்தனவா என்று கேட்கலாம். இருந்தன. கல்கத்தாவில் காளிகட்டம் என்னும் காளி கோவிலைச் சுற்றியிருந்த கடைகளில், படுவர் எனப்படும் சித்திரக்காரர்கள் யாத்திரிகர்களுக்கு மலிவான காகிதப் படங்களை விற்று வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கலை ஓங்கியிருந்தது. காளி, சிவன், கிருஷ்ணன் இவர்களை வரைந்த அதே தூரிகை, நெற்றியில் வைணவச் சின்னமும் கழுத்தில் துளசி மணியும் அணிந்து, வாயில் மீனைக் கவ்விய பூனையையும் வரைந்தது. மாமல்லபுரத்துப் பூனையின் வங்காளத்துத் தமையன் என்றே அதைச் சொல்லலாம். ஒரு கையில் தெய்வத்தையும் மறு கையில் போலியையும் விற்றதால், அவர்களை எவரும் நாத்திகர் என்று சொல்லவில்லை.

1873இல் அத்தூரிகைக்கு மாபெரும் விஷயம் கிடைத்தது. ஹூக்ளி ஜில்லாவில் தாரகேசுவரம் என்னும் பிரசித்தமான சிவஸ்தலம் உண்டு. அதன் மடாதிபதியை மகந்து என்பர். துறவற நெறியில் நிற்க வேண்டிய அவர், கோவிலின் நிலபுலன்களுக்கும் காணிக்கைக்கும் அதிபதியாக ஜமீன்தாரைப் போல் வாழ்ந்தார். அப்போது அப்பீடத்தில் இருந்தவர் மாதவசந்திர கிரி. பக்கத்துக் கிராமத்தில் எலோகேசி என்னும் 16 வயதுப் பெண் இருந்தாள். அவள் கணவன் நவீன் சந்திர பானர்ஜி கல்கத்தாவில் அரசாங்க அச்சகத்தில் வேலை பார்த்தவன். பிள்ளை வரம் வேண்டி மருந்து பெறச் சென்ற எலோகேசியை மகந்து கெடுத்தான் என்றும், அவளைப் பெற்றோரே அதற்கு உடந்தை என்றும் ஊரில் பேச்சு எழுந்தது. செய்தி அறிந்த நவீன் அவளைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்ல முயன்றபோது மகந்தின் ஆட்கள் வழிமறித்தார்கள். 1873 மே 27ஆம் நாள் அவன் மீன் அரியும் அரிவாள்மணையால் மனைவியின் கழுத்தை வெட்டிக் கொன்று, போலீசாரிடம் தானே சரணடைந்தான்.

வழக்கு வங்காளத்தையே கலக்கியது. நீதிமன்றத்தில் கூட்டம் தாங்காமல் நுழைவுக் கட்டணம் வைக்க வேண்டியதாயிற்று. ஜூரிகள் நவீனைச் சித்தபிரமை என்று சொல்லி விடுவித்தார்கள். நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்கே ஆயுள் பரியந்தம் தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. ஜனங்கள் விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம் போட்டு, 1875இல் அவனை விடுதலை செய்வித்தார்கள். மகந்துக்கு மூன்றாண்டுக் கடுங்காவலும் 2000 ரூபாய் அபராதமும் கிடைத்தன.

காளிகட்டச் சித்திரக்காரர்கள் இந்தக் கதை முழுவதையும் படம் படமாக வரைந்து தள்ளினார்கள். மரக்கட்டை அச்சிலும் படங்கள் வந்தன. எலோகேசி மகந்துக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது, மகந்து நாற்காலியில் சாய்ந்து ஹூக்கா பிடிப்பது, யானைமேல் பவனி வருவது, மருந்து கொடுப்பது, பிறகு முதல் வெட்டு, இறுதி வெட்டு, மகந்து கைதாவது, விசாரணை, கடைசியில் சிறைச்சாலையில் தோட்டவேலை செய்வது, செக்கு இழுப்பது. யானைமேல் இருந்தவனைச் செக்கில் கட்டிய இந்தக் கடைசிப் படத்தில் ஜனங்களுக்கு இருந்த ஆனந்தம் சொல்லி முடியாது. மகந்து இழுத்த செக்கின் எண்ணெயில் செய்தது என்று சொல்லித் தலைவலித் தைலம் கூட விற்றார்களாம். ‘மோஹந்தேர் ஏய் கி காஜ்!’ அதாவது ‘மகந்தின் காரியம் இதுதானா!’ என்ற நாடகம் அதே 1873இல் கல்கத்தாவின் பெங்கால் தியேட்டரில் நடந்து பெரும் கூட்டத்தை ஈர்த்தது. இன்று இப்படங்களில் பல லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றன. காளிகட்டப் படங்களில் ஒரு பெருந்தொகுதியை, ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் தம் தந்தையார் சேர்த்து வைத்ததிலிருந்து 1917இல் அக்காட்சிசாலைக்குக் கொடுத்தார்.

சித்திரக் கலை என்ற அளவில் இவை மிக உயர்ந்தவை. நீண்டு வளைந்த ஒரே கோட்டில் உடல் முழுவதும் அமைந்துவிடும். பின்புறத்தில் வீடு, மரம், வானம் ஒன்றும் இராது. வெறுங் காகிதத்தில் மனிதர்கள் மாத்திரம் நிற்பார்கள். இரண்டொரு பைசாவுக்கு விற்கும் படத்தில் அதற்கு மேல் வேலை செய்ய நேரமேது? அந்த அவசரமே கலையாயிற்று. கல்வியில்லாத சித்திரக்காரன் ஒருவன், பெரும் நிலபுலன்களுக்கு அதிபதியும் ஜனங்கள் தண்டனிட்டு வணங்கியவனுமான ஒருவனைச் செக்கில் கட்டிக் காட்டினான் என்றால், அந்தத் துணிவை நாம் போற்றியே ஆகவேண்டும்.

இரண்டு குறைகள்

போற்றுவதோடு நிறுத்திவிட்டால் அது விமர்சனமாகாது, பஜனையாகிவிடும். இச்சித்திரங்களில் இரண்டு பெருங்குறைகள் உள.

முதலாவது, அந்தப் பெண். வெற்றிலை மடித்துக் கொடுக்கும் படத்தில் எலோகேசி அலங்கார பூஷிதையாய், மயக்க வந்த மோகினியைப் போல் நிற்கின்றாள். வெட்டப்படும் படத்தில் அவள் சாவு ஒரு வேடிக்கைக் காட்சியாகின்றது. பதினாறு வயதுப் பெண். பெற்றவரே காட்டிக்கொடுத்த பெண். கணவனே கொன்ற பெண். அவளுக்காகக் கண்ணீர் விடும் படத்தை நாம் காணவில்லை. கொன்றவனுக்காக ஊர் விண்ணப்பம் எழுதிற்று. கடைக்காரர்கள் அவள் பெயரைப் பொறித்துப் புடவை விற்றார்கள், வெற்றிலைப் பெட்டி விற்றார்கள். மீன் அரியும் அரிவாள்மணையும் விற்றார்கள். கொலையுண்டவளின் பெயரைக் கொலைக் கருவியின் மேலேயே பொறித்து விற்ற கொடுமையை என்னென்பது! சட்டமும் அப்படியே. மகந்து தண்டிக்கப்பட்டது பிறன்மனை நயந்த குற்றத்திற்கு. அக்குற்றத்தில் தீங்குற்றவன் கணவனேயன்றி மனைவி அல்லள் என்பது அக்காலச் சட்டத்தின் கருத்து. அச்சட்டப் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல்தான் நீக்கியது. இவ்விடத்தில் ஹோகார்த் காளிகட்டத்தாரை வென்று நிற்கின்றார். அவர் மோலைச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை. அவளைப் பாராமல் போன குருவையே ஆளாக்கினார். பரிகாசம் யார் மேல் விழுகின்றது என்பதே பரிகாசத்தின் முதற் பரீட்சை.

இரண்டாவது குறை, அந்தப் பீடம். படங்களில் மாதவசந்திர கிரி இருக்கின்றான். அவனுக்கு யானை வாங்கிக் கொடுத்த காணிக்கை இல்லை. செக்கில் கட்டுண்ட மனிதன் இருக்கின்றான். அவன் எழுந்துபோன ஆசனம் அப்படியே இருக்கின்றது. இதனால் வந்த விளைவைச் சரித்திரத்தில் காண்க. 1824இல் அதே தாரகேசுவரத்து மகந்து ஒருவன் கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டான். 1873இல் மாதவசந்திர கிரி. 1924இல் அப்பீடத்திலிருந்த சதீஷ் கிரியின் அக்கிரமங்களையும் வசூல்களையும் எதிர்த்து, தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் முதலியோர் முன்னின்று சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியதாயிற்று. ஐம்பதாண்டுக்கு ஒரு முறை ஒரே ஊரில், ஒரே ஆசனத்தில், ஒரே நோய்! ஒரு தலைமுறை தூக்கிலிட்டது. ஒரு தலைமுறை வயிறு குலுங்கச் சிரித்தது. இரண்டும் மனிதனை நீக்கின. கணக்கில்லாத செல்வத்தை ஒருவனிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை நீக்கவில்லை. பூனையை விரட்டினார்கள், உறியை அதே இடத்தில் தொங்கவிட்டார்கள்.

சிரிப்புக்குப் பின் கணக்கு

அப்படியானால் சிரிப்பு வீண்தானோ எனின், அன்று. இங்கிலாந்தின் பிற்காலச் சரித்திரம் இதற்கு விடை சொல்லும். ஜன்னலில் தொங்கிய படங்களால் தசமபாகம் ஒழியவில்லை. ஆனால் மூன்று தலைமுறை சிரித்த பின்னர், குருவின் வருமானத்தைப் பற்றிப் பேசுவது தெய்வ நிந்தனை என்னும் அச்சம் ஜனங்களிடமிருந்து போய்விட்டது. 1820இல் ஜான் வேட் என்பவர் திருச்சபை முதலியவற்றின் வருமானத்தை இலக்கம் இலக்கமாக எழுதிக் ‘கறுப்புப் புத்தகம்’ என வெளியிட்டார். 1832இல் அரசாங்கமே திருச்சபையின் வருமானத்தை ஆராயக் குழு அமைத்தது. 1835இல் அறிக்கை வந்தது. 1836இல் விளைபொருளாக வாங்கும் தசமபாகம் பணக்கட்டணமாக மாற்றப்பட்டது. 1838இல் ஒரே குரு பல மானியங்களை வைத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. படம் கதவைத் திறந்தது. கணக்குப் புத்தகம் உள்ளே நுழைந்தது.

நம் நாட்டிலும் அவ்வழியில் சில காரியங்கள் நடந்தன. பஞ்சாபில் குருத்துவாராக்களைத் தம் சொத்தாக்கிக்கொண்ட மகந்துக்களை எதிர்த்துச் சீக்கியர்கள் உயிரைக் கொடுத்துப் போராடி 1925இல் குருத்துவாராச் சட்டத்தைப் பெற்றார்கள். அதே 1925இல் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி மந்திரிசபை இந்து சமய அறநிலையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்சேபணைகளுக்குப் பின் 1927இல் அது மீண்டும் இயற்றப்பட்டது. கோவிலுக்கும் மடத்திற்கும் வரவு செலவு உண்டு, அதைக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். மத்தவிலாசத்தில் ஏழைப் பெண் ஒருத்தி சொன்னதைச் சட்டமாக எழுத, நமக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆயின.

இனி நம்மிடம் வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் கோவில்களைக் கட்டியது யார்? பால்மரத்தடியில் விடியற்காலையில் மங்கு கழுவிய கைகள். ரயில் பாதையில் கல் கொட்டிய கைகள். தோட்டங்கள் பல இன்று வீடமைப்பு நிலங்களாக மாறிவிட்டன; லயங்கள் இடிபட்டன; நம்மவர் அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் கொடுக்கும் பழக்கம் மாத்திரம் கூடவே வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்குப் பத்து முறை பேரம் பேசி மீன் வாங்கும் தாய், சாமியார் தட்டில் ஐம்பது வெள்ளியை ஒரு வார்த்தை கேளாமல் வைக்கின்றாள். பிள்ளை வரமோ, மகனின் வேலையோ, கணவனின் குடி நீங்குதலோ, அவள் துயரம் மெய்யான துயரம். அதைப் பார்த்துச் சிரிப்பவன் மூடன். தட்டை நீட்டியவனைப் பார்த்தே நாம் சிரிக்க வேண்டும்; சிரித்த பின், தட்டு எங்கே போகின்றது என்று கேட்கவும் வேண்டும்.

‘இப்படியெல்லாம் எழுதினால் சமயம் கெட்டுவிடாதா?’ என்பார் உளர். மாமல்லபுரத்துப் பாறையைப் போய்ப் பார்க்கட்டும். பூனை நிற்பதால் முனிவரின் தவம் குறைந்துவிட்டதா? பூனையும் அருகே நிற்பதனாலேயே மெய்த்தவசியின் விலா எலும்புக்கு மதிப்பு விளங்குகின்றது. மெய்யான தொண்டர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஊதியம் கருதாமல் கோவில் வாசலைக் கூட்டுகின்றவர்களும், பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர்களும், அன்னதானத்திற்குப் பாத்திரம் துலக்குகின்றவர்களும் இருக்கின்றார்கள். டைட்டன் வரைந்த கூலிப் பாதிரியாரைப் போல, உழைப்பவர் அவர்கள், உண்பவர் வேறொருவர். போலியைப் போலி என்று சொல்லாமல் இருப்பது அவர்களுக்கே நாம் செய்யும் துரோகமாகும்.

அந்தத் தோட்டத்துச் சுவரும் இப்போது இல்லை. கரியால் வரைந்த பூனை எந்தக் காட்சிசாலையிலும் இல்லை. அன்று பையனை அடித்த பெரியவர்களை நாம் குறை கூறவில்லை, அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் அன்றிரவு சிரித்தவர்களில் ஒருவரேனும் மறுநாள் காலையில் எழுந்து, ‘அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள், பார்ப்போம்’ என்று கேட்டிருந்தால், அந்தச் சித்திரம் பூர்த்தியாகியிருக்கும்.

தோழர்களே! சித்திரக்காரன் செய்யக்கூடியது பாதி வேலைதான். மீதிப் பாதி, பார்த்துச் சிரித்தவர்களின் பொறுப்பு.